தை பிறந்தாச்சு, கொல்லைப் பக்கம் வாருங்கள்!

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லி, விதை போடுவதென்றால் ஆடி மாதம்தான் என்று நம் மனசில் பதிந்து போய்விட்டது. ஆடியைக் குறை சொல்ல நான் வரவில்லை. வயல்காட்டுக்கு அது உகந்த மாதம்தான். ஆனால், முதன்முதலாக நாலு தொட்டி வாங்கி வைத்து, இரண்டு செடி முளைத்து வருவதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிற நம்மைப் போன்ற வீட்டுப் பெண்களுக்கு ஏற்றது தைப் பட்டம்தான் என்பேன். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள். நாம் வைத்த கத்தரி நாற்று எந்த மூலைக்கு? ஐப்பசி, கார்த்திகையில் விதை போட்டாலோ அடைமழையில் அழுகிப் போகும். தையில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. மழை ஓய்ந்து மண் பதமாக இருக்கும். கிணற்றிலும் போரிலும் தண்ணீர் மேலே நிற்கும். வெயில் இதமாக அடிக்கும்.

ஒன்றே ஒன்றுதான் கணக்கு. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை, அதாவது தையும் மாசியும்தான் நம் கையில் இருக்கிற நாட்கள். பங்குனி பிறந்ததும் வெயில் ஏறிவிடும். அதற்குள் செடி வேர் பிடித்து, காலூன்றி நிற்க வேண்டும். பிடித்துவிட்டால் சித்திரை வெயிலைத் தாங்கும். பிடிக்காவிட்டால் நீங்கள் குடம் குடமாய் ஊற்றினாலும் தாங்காது.

எங்கள் எதிர்வீட்டு மருமகள் கைக்குழந்தைக்காரி. போன வருஷம் மாசிக் கடைசியில் வண்டிக்காரரிடம் 1,800 ரூபாய் கொடுத்துப் பதினோரு ரோஜாத் தொட்டி வாங்கினாள். எல்லாம் பூவும் மொட்டுமாகப் பார்க்கப் பார்க்க அழகு. சித்திரைக்குள் ஒன்பது தொட்டியில் வெறும் குச்சிதான் நின்றது. "எனக்குக் கைராசியே இல்லைக்கா" என்று முகம் வாடிப் போய்ச் சொன்னாள். "உன் கைக்கு ஒரு குறையும் இல்லைம்மா. குளிர்ந்த ஊரில் வளர்ந்த செடியைக் கொண்டுவந்து நம்ம திருச்சி வெயிலில் பங்குனிக்கு முன்னாடி நாலு நாள் இருக்கும்போது வைத்தால், யார் கை வைத்தாலும் அப்படித்தான் ஆகும்" என்றேன். இந்தக் கைராசிப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கைராசி இல்லை என்று சொல்லிச் செடி வளர்ப்பதையே விட்டுவிட்ட எத்தனையோ பெண்களை எனக்குத் தெரியும். விசாரித்தால் பாதிப் பேர் காலந்தப்பி ஆரம்பித்தவர்கள்; மீதிப் பேர் எடுத்த எடுப்பிலேயே இருபது முப்பது தொட்டி வைத்தவர்கள்.

ஆகவே முதல் வருஷம் ஆறு தொட்டி அல்லது ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம் போதும். அதற்கு மேல் வேண்டவே வேண்டாம்.

<b></b>வெயில் எங்கே விழுகிறது?

தொட்டி வாங்குவதற்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பன்னிரண்டு மணிக்கு, மூன்று மணிக்கு என்று மூன்று தடவை கொல்லையையோ மாடியையோ பால்கனியையோ எட்டிப் பார்த்து, வெயில் விழுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். காய்ச் செடிகளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கீரைக்கு மூன்று நான்கு மணி நேரம் இருந்தாலே ஒப்பேற்றிவிடலாம். புதினாவும் கற்பூரவல்லியும் அரை நிழலிலேயே வரும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. அதனால் தெற்குச் சுவர் ஓரமெல்லாம் நல்ல வெயில், வடக்குப் பக்கம் நிழல். சித்திரை பிறப்பை ஒட்டி, நம் ஊர்ப் பக்கமெல்லாம் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும். வைகாசி, ஆனியில் இன்னும் வடக்கே தள்ளிப் போகும். ஆகவே இன்றைக்கு நிழலாக இருக்கிற வடக்கு மூலைக்குக் கோடையில் வெயில் வரும். இன்றைக்கு வெயிலில் குளிக்கிற தெற்குச் சுவர் ஓரம் அப்போது நிழலாகிவிடும். தொட்டிச் செடியை நகர்த்திக்கொள்ளலாம். தரையில் வைத்ததை நகர்த்த முடியாதே! அதனால்தான் முதலிலேயே யோசித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

மாடியில் வைக்கிறவர்கள் பாரத்தையும் பார்க்க வேண்டும். பதினைந்து லிட்டர் பக்கெட் நிறைய ஈர மண் இருந்தால் இருபது கிலோவுக்குக் குறையாது. தளத்தின் நட்ட நடுவில் வரிசை கட்டாமல், கீழே சுவர் வருகிற ஓரங்களில் வையுங்கள். தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல்லோ மரச் சட்டமோ கொடுத்தால் தண்ணீர் தேங்காது, தளமும் பாசி பிடிக்காது. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பின்னால் மனஸ்தாபம் எதற்கு?

மண் கலக்கிற வேலை

விதையைவிட மண்ணுக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். வெறும் தோட்டத்து மண்ணைத் தொட்டியில் நிரப்பினால் நாலு நாளில் இறுகிச் செங்கல்லாகிவிடும். செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு என்று ஒரே பாண்டில் அளந்து கொட்டி, ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்குத் தூள் சேர்த்துக் கலந்துகொள்ளுங்கள். பார்த்தால் புட்டுமாவு மாதிரி இருக்க வேண்டும். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். கலந்த மண்ணில் இலேசாகத் தண்ணீர் தெளித்து, நிழலில் ஒரு வாரம் பத்து நாள் விட்டுவிட்டு அப்புறம் விதை போடுங்கள்.

தென்னை நார்க்கழிவு கட்டியாகக் கடையில் கிடைக்கிறது. அதை ஊறவைத்து, பிழிந்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். அதில் உப்பு இருக்கும். அலசாமல் போட்டால் முளை கருகும்.

எருவையும் பார்த்து வாங்குங்கள். பச்சைச் சாணம் சூடு, வேரைப் பொசுக்கிவிடும். முகர்ந்து பார்த்தால் சாணி வாடை வரக் கூடாது. முதல் மழைக்கு எழும்புகிற மண் வாசனை வந்தால் அது மக்கிய எரு.

தரையில் போடுகிறவர்கள் ஓர் அடி ஆழத்துக்குக் கொத்தி, கட்டிகளை உடைத்து, ஒரு வாரம் வெயிலில் காய விடுங்கள். கொத்தும்போது கையில் அகப்படுகிற கோரைக் கிழங்கையும் அருகம்புல் வேரையும் ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். இந்த ஒரு வாரச் சோம்பலுக்கு வருஷம் முழுக்கக் களை பறித்துக் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கும்!

தொட்டியின் அடியில் நாலைந்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, அதன் மேல் உடைந்த ஓட்டாஞ்சில்லுகளைக் கவிழ்த்து வைத்து, மேலே இரண்டு அங்குலம் விட்டு மண் நிரப்புங்கள். வாய் வரை நிரப்பினால் ஊற்றுகிற தண்ணீரெல்லாம் வழிந்து ஓடிவிடும்.

அஞ்சறைப் பெட்டியிலிருந்தே ஆரம்பிக்கலாம்

முதல் விதைக்குக் கடைக்கே போக வேண்டாம். ஒரு கை வெந்தயத்தை இரவில் ஊறவைத்து, மறுநாள் அகலமான தொட்டியில் தூவி, மேலே மெல்லிசாக மண் போர்த்திப் பூவாளியால் தெளியுங்கள். மூன்றாம் நாள் முளைத்துவிடும். பதினைந்து இருபது நாளில் கூட்டுக்கோ சப்பாத்திக்கோ பறிக்கலாம். வளர்க்க ஆரம்பித்தவர்களுக்கு இவ்வளவு சீக்கிரம் தெம்பு கொடுக்கிற செடி வேறு எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் இந்தத் தையில் இதைத்தான் முதலில் போடச் சொன்னேன். மூன்றாம் நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஓடிவந்து, "அக்கா, தலை நீட்டிடுச்சு!" என்றாள்.

கொத்தமல்லியும் அப்படித்தான். தனியாவைச் செருப்பு அடியில் இலேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும். முளைக்க எட்டுப் பத்து நாள் ஆகும். அவசரப்பட்டுக் கிளறிப் பார்க்காதீர்கள். கொத்தமல்லிக்குக் குளிர்ச்சி பிடிக்கும். தையில் போட்டால்தான் தழை. பங்குனியில் போட்டால் நாலு இலை விட்டதுமே பூத்துக் காய்த்து முடித்துக்கொள்ளும்.

அடுத்தது கீரை. சிறுகீரையும் முளைக்கீரையும் இருபத்தைந்து நாளில் பறிப்புக்கு வரும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளிக் கிள்ளி எடுத்தால் மறுபடி மறுபடி துளிர்க்கும். கீரை விதை கடுகைவிடச் சின்னது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் குவியும். நாலு பங்கு மணலோடு கலந்து தூவுங்கள். மறுநாளே எறும்பு வரிசை கட்டி விதையைத் தூக்கிக்கொண்டு போகும். தொட்டிக்கு இரண்டடி தள்ளி ஒரு பிடி ரவையையோ அரிசி நொய்யையோ தூவிவிட்டால் எறும்பு அதைத் தூக்கிப் போகிற வேலையில் இறங்கிவிடும். நம் விதை பிழைக்கும். எல்லாக் கீரையையும் ஒரே நாளில் போட்டுவிடாமல் பத்து நாளைக்கு ஒரு தொட்டி என்று போட்டால் வாரா வாரம் பறிக்கலாம்.

கீரையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பது தெரிந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிலும் பாதிக்கு மேல். கீரை கடையில் வாங்கலாம்தான். ஆனால் வாசலில் கீரைக்காரம்மா வராத நாள், கையில் சில்லறை இல்லாத நாள், குழந்தைக்குக் காய்ச்சல் என்று வெளியே போக முடியாத நாள் என்று கழித்துக்கொண்டே வந்தால், வாரத்தில் எத்தனை நாள் நம் இலையில் கீரை விழுகிறது? வீட்டிலேயே இருந்தால் பருப்பு வேகிற நேரத்தில் ஒரு கை கிள்ளிப் போட்டுவிடலாம். ஒன்று ஞாபகம் வையுங்கள். கீரையிலுள்ள இரும்புச் சத்து முழுவதும் உடம்பில் ஒட்டாது. எலுமிச்சம் பழம் பிழிந்தோ, நெல்லிக்காய், தக்காளி சேர்த்தோ சாப்பிட்டால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காப்பி, டீ குடித்தால் சேருவதும் குறையும். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதை நிறுத்திவிட்டுக் கீரையை மட்டும் நம்பக் கூடாது.

வெண்டைக்காய் தைரியமாகப் போடலாம். இரவு ஊறவைத்த விதையை, குழிக்கு இரண்டாக, அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். இரண்டும் முளைத்தால் சோனியானதைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, ஆனாலும் கிள்ளத்தான் வேண்டும். நாற்பத்தைந்து நாளில் காய்க்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும், இல்லையென்றால் நார் ஓடிவிடும். நாலு பேருக்குப் பொரியல் என்றால் பத்துப் பன்னிரண்டு செடியாவது வேண்டும் என்பது என் அனுபவம். இரண்டு செடி வைத்துவிட்டு "காயே பத்தலை" என்று செடியைத் திட்டக் கூடாது! வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாகி வலை பின்னினாற்போல் தெரிந்தால் அது தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புவது. மருந்து தேடிக்கொண்டிருக்காமல் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள், மற்றவை பிழைக்கும்.

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் நாற்று விட்டு நட வேண்டும். தக்காளி நாற்று இருபத்தைந்து நாளில் தயாராகும். கத்தரிக்கு ஒரு மாதம், மிளகாய்க்கு நாற்பது நாள். முதல் வருஷம் இந்தக் கஷ்டம் எதற்கு? நர்சரியில் நாற்றாகவே வாங்கி நட்டுவிடுங்கள். பூ இருக்கிற நாற்றைப் பார்த்து ஆசைப்படாமல், தண்டு குட்டையாகவும் பருமனாகவும் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு நட்டு, மூன்று நாள் நிழல் கொடுங்கள்.

தரை இருக்கிறவர்களுக்கு ஒரு குழி பாகல், ஒரு குழி புடலை. இரண்டையும் தையில் ஊன்றினால் சித்திரை வாக்கில் காய் தொங்கும். பந்தல் போட முடியாவிட்டால் துணி காயப்போடுகிற கயிற்றில் ஏற்றிவிடுங்கள். பாகலுக்கு அது போதும்.

வெட்டிவிட வேண்டியவை

ஏற்கெனவே வீட்டில் பூச்செடி இருந்தால் இந்த மாதத்தில் அதையும் கவனிக்க வேண்டும். குண்டுமல்லியைக் கார்த்திகை மாதத்திலேயே தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டிவிடுவது வழக்கம். மல்லிகை புதுக் கிளையில்தான் பூக்கும்; பழைய கிளையை வைத்துக்கொண்டு காத்திருந்தால் இலைதான் வரும். கார்த்திகையில் விட்டுப் போனவர்கள் தை முதல் வாரத்தில் வெட்டலாம். பூ கொஞ்சம் தள்ளி வரும், அவ்வளவுதான். முல்லைக்கு இந்தத் தை மாதமே சரியான காலம். காய்ந்த குச்சி, குறுக்கே ஓடுகிற குச்சி எல்லாவற்றையும் நீக்கி, அடிமண்ணைக் கிளறி, இரண்டு கூடை எரு போட்டுத் தண்ணீர் விடுங்கள்.

செம்பருத்தியை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். வெயில் ஏற ஏற அதில் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பும். அடர்த்தி குறைவாக இருந்தால் கண்ணில் படும்போதே தண்ணீரைப் பீய்ச்சி அடித்து விரட்டிவிடலாம். கறிவேப்பிலை மார்கழிக் குளிரில் மரமாய் நிற்கும். தை பாதியில் துளிர் விடும். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் நாலு கிளை வெடிக்கும். குழம்புக்குக் கறிவேப்பிலை உருவுகிறவர்கள் இலையை மட்டும் உருவாமல் நுனிக் கிளையோடு ஒடித்தால் சமையலும் ஆச்சு, செடிக்கு வைத்தியமும் ஆச்சு.

முருங்கை இப்போது பூக்கிற நேரம். அதை வெட்டாதீர்கள், தண்ணீரும் அதிகம் விடாதீர்கள். ஈரம் கூடினால் பூ உதிரும்.

வெட்டுவதற்கு நல்ல கூரான கத்தரி வேண்டும். சமையலறைக் கத்தியால் இழுத்து இழுத்து அறுத்தால் தண்டு நசுங்கி அழுகிவிடும்.

குப்பை அல்ல, போர்வை

போகியன்று வீட்டு வாசலில் காய்ந்த சருகைக் குவித்துக் கொளுத்துகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தது நினைவிருக்கலாம். மூச்சிரைப்பு உள்ள குழந்தைகளைப் பெற்றவர்களுக்கு அந்தக் காலை எப்படிக் கழியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சருகுதான் நமக்கு இப்போது தேவை. மாசியில் வேம்பு இலை கொட்டும். வாரி ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். செடி ஒரு சாண் வளர்ந்ததும் சுற்றிலும் இரண்டு அங்குலம் கனத்துக்குச் சருகைப் பரப்பிவிடுங்கள். தண்டை ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும். இதைத்தான் மூடாக்கு என்கிறார்கள். மண்ணின் ஈரம் காயாது, களை முளைக்காது, நாளடைவில் மக்கி உரமும் ஆகும்.

என்னைக் கேட்டால், தை மாசி வேலைகளில் தலையானது இதுதான். பங்குனியில் ஒரு நாள் உங்களால் தண்ணீர் ஊற்ற முடியாமல் போகும். உறவில் கல்யாணம் இருக்கும், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்திருக்கும், மோட்டார் ரிப்பேராகியிருக்கும். அன்றைக்குச் செடியைக் காப்பாற்றுவது இந்தச் சருகுதான்.

மிச்சச் சருகை ஓட்டை போட்ட பழைய பக்கெட்டில் ஓர் அடுக்கு, காய்கறித் தோல் ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு, கொஞ்சம் புளித்த மோர் தெளித்து மூடி வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் உரம். சமைத்த சாதம், குழம்பு மட்டும் போடாதீர்கள். நாற்றமும் எலியும் வரும்.

தண்ணீர்க் கணக்கு

தையில் தினமும் ஊற்ற வேண்டியதில்லை. ஆள்காட்டி விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் இன்றைக்கு வேண்டாம். புதிதாக வளர்க்கிறவர்களின் செடி தண்ணீர் இல்லாமல் செத்ததைவிடத் தண்ணீரில் மூழ்கிச் செத்ததுதான் அதிகம். ஊற்றுவதைக் காலையில் ஊற்றுங்கள். தை, மாசியில் இரவெல்லாம் பனி இறங்கும். சாயங்காலமும் இலையை நனைத்தால் இலையில் சாம்பல் பூக்கும், இளநாற்று அடித்தண்டில் அழுகிச் சாயும். பனிக் காலத்தில் அவரையில் அசுவினி மொய்க்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கரைய வேண்டிய அளவு சோப்புத் தண்ணீரும் கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கமாகத் தெளியுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜனங்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். அப்படி ஒரு கோடையில் செடிக்குத் தண்ணீர் என்றால் வீட்டில் யாரும் ஒப்புவார்களா? அதனால் இப்போதிருந்தே அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீரைச் சேர்த்து வைக்கப் பழகுங்கள். ஒரு சின்னக் குடும்பத்தில் ஆறு தொட்டிக்கு அதுவே ஏறக்குறைய சரியாகிவிடும். ஆறு தொட்டிக்கு மேல் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு விடக் கூடாது. குடிநீர் சுத்திகரிக்கும் மெஷினிலிருந்து கழிந்து வருகிற தண்ணீரில் உப்பு அதிகம். அதைத் தளம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், செடிக்குத் தொடர்ந்து விடாதீர்கள்.

குழந்தை இருக்கிற வீடுகளில்

தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு இருக்கிறதே, அதுதான் எனக்குப் பயம். டெங்கு பரப்புகிற கொசு சாக்கடையில் வளர்வதில்லை. இந்த மாதிரி தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். எட்டுப் பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். கடிப்பதும் பகலில், குழந்தை தொட்டிலில் தூங்குகிற நேரத்தில். தட்டுத் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்து போனாலும் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒரு நாள் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துங்கள். வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்க்கும்போது இதையும் தேய்த்துவிடலாம். முடிந்தால் தட்டே வேண்டாம், தொட்டியைச் செங்கல் மேல் வையுங்கள்.

தவழ்கிற குழந்தை இருந்தால் அரளி வேண்டாம். அதிலே இலை, பூ, விதை எல்லாமே விஷம். பாக்கெட்டில் வருகிற விதை சில சமயம் சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசினாற்போல் இருக்கும். அது பூச்சிமருந்து, பூஞ்சை மருந்து தடவிய விதை. மிட்டாய் என்று குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். மீந்ததை உயரத்தில் வையுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறவர்கள் வெறுங்கையால் மண் கிளறக் கூடாது. பூனை கழித்த மண்ணிலிருந்து வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கிற கிருமி தொற்றலாம். உறை போட்டுக்கொள்ளுங்கள், அல்லது அந்த வேலையை வீட்டுக்காரரிடம் விடுங்கள். அவரும் கொஞ்சம் குனிந்து நிமிரட்டுமே!

பங்குனிக்கு மேலே

பங்குனி பிறந்ததும் புதிதாக எதுவும் நடாதீர்கள். இருப்பதைக் காப்பாற்றினால் போதும். மத்தியான வெயில் நேரே படுகிற இடத்தில் பழைய வெள்ளை வேட்டியை நாலு கொம்பில் கட்டி நிழல் கொடுங்கள். அக்கினி நட்சத்திரம் கழியும் வரை அது இருக்கட்டும்.

வெண்டைச் செடியில் நோயில்லாத ஒன்றைப் பார்த்து, அதில் இரண்டு காயைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள். செடியிலேயே முற்றிக் காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும்போது எடுத்து, விதையைச் சாம்பலில் புரட்டிப் பாட்டிலில் போட்டு வையுங்கள். வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் அந்த விதை தாய்ச் செடி மாதிரி வராது. நாட்டு ரகமாக வாங்கினால்தான் இது பலிக்கும். பாட்டிலில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள்.

பள்ளிக்கூட லீவில் பிறந்த வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் தொட்டிகளையெல்லாம் நிழலான ஒரு மூலையில் நெருக்கி வைத்து, நன்றாகத் தண்ணீர் விட்டுச் சருகால் மூடிவிட்டுப் போங்கள். ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு, நிரப்பித் தொட்டிக்கு ஒன்றாகத் தலைகீழாகச் செருகி வைத்தால் இரண்டு மூன்று நாளுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, காய்க்கிற வெண்டைக்காயை அவர்களே பறித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போங்கள். தண்ணீர் ஊற்ற மறக்க மாட்டார்கள்.